82 கடிதங்கள், 5 பேனாக்கள்: 'ஹம்ப்ரி கிளிங்கர்' நாவலைத் தேர்வுக்குப் படிப்பது எப்படி?

டோபயாஸ் ஸ்மாலெட்டின் 'தி எக்ஸ்பெடிஷன் ஆஃப் ஹம்ப்ரி கிளிங்கர்' (1771) முழுக்கக் கடிதங்களாலான நாவல். அதைக் கையில் எடுத்ததும் பலர் செய்யும் முதல் தவறு, தலைப்பிலுள்ள கிளிங்கரைத் தேடுவது. அவன் வருவதற்குள் ஏறக்குறைய கால்வாசி நாவல் முடிந்துவிடும். பயணம் கிளம்பிய ஒரு வேல்ஸ் குடும்பம் பாத் நகரிலிருந்து லண்டன் போகும் வழியில், கிழிந்த கால்சட்டையோடு வண்டிக்குதிரை ஓட்டுபவனாக வந்து சேருகிறான். கடைசிவரை அவன் பெயரில் ஒரு கடிதம்கூடக் கிடையாது. ஆகவே "கதாநாயகன் ஹம்ப்ரி" என்று விடையைத் தொடங்கினால் அடி எடுத்து வைத்ததுமே சறுக்கல்தான். பெயரின் எழுத்துக்கூட்டலிலும் கவனம் தேவை: முதற்பெயரில் 'ஆர்' எழுத்துக்கும் 'ஒய்' எழுத்துக்கும் நடுவே 'ஈ' வராது.

முதல் நாள் நாவலைப் படிக்கவே வேண்டாம். ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு, யார் யாருக்கு எழுதுகிறார் என்பதை நிரப்புங்கள். வேல்ஸ் நிலக்கிழார் மேத்யூ பிராம்பிள் தன் மருத்துவர் லூயிஸுக்கு 27 கடிதங்கள் எழுதுகிறார். அவருடைய சகோதரியின் மகன் ஜெரி மெல்ஃபோர்டு ஆக்ஸ்ஃபோர்டு நண்பன் சர் வாட்கின் ஃபிலிப்ஸுக்கு எழுதியவை 28. ஜெரியின் தங்கை லிடியா பெரும்பாலும் பள்ளித் தோழி லெட்டி வில்லிஸுக்கு 11, வேலைக்காரி வின் ஜென்கின்ஸ் ஊரிலுள்ள மேரி ஜோன்ஸுக்கு 10, பிராம்பிளின் தங்கை டபிதா பெரும்பாலும் வீட்டு நிர்வாகி திருமதி குவில்லிமுக்கு 6. யாருக்கும் வந்த பதில் கடிதம் நமக்குக் காட்டப்படுவதில்லை. 'பமீலா' போன்ற கடித நாவல்களோடு ஒப்பிடச் சொல்லும் கேள்விக்கு இந்த எண்ணிக்கையே நல்ல தொடக்கம். அங்கே பெரும்பாலும் ஒரே பெண்ணின் பேனா. இங்கே ஐந்து பேனா, ஒரே வண்டி.

நாளுக்கு 8 கடிதம் என்றால் பத்து நாளில் ஏறக்குறைய முடிந்துவிடும். கதையைத் தொடர்ந்து ஓடாதீர்கள். கதை மெலிந்த நூல்தான். ஒரே ஊரைப் பற்றி இருவர் எழுதிய கடிதங்களை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. பாத் நகரை ஏப்ரல் 23 கடிதத்தில் பிராம்பிள் திட்டித் தீர்க்கிறார். லிடியாவுக்கோ அது புது உலகம், எங்கும் களிப்பு. லண்டனின் ரானலா கேளிக்கைத் தோட்டம் லிடியாவின் கண்ணுக்கு ஆயிரம் விளக்குகள் எரியும் மாய அரண்மனை. அதே இடத்தில் கூட்டம் வட்டமாகச் சுற்றி வருவதைப் பார்த்த பிராம்பிளுக்கு ஒலிவ எண்ணெய் ஆலையின் குருட்டுக் கழுதைகள் நினைவுக்கு வருகின்றன. நம் வழக்கில் சொன்னால் செக்குமாடு. எடின்பரோவை மேதைகளின் விளைநிலம் என்று பிராம்பிள் புகழ, வின் எழுதுவதோ இரவு பத்து மணிக்குச் சன்னல் வழியே கொட்டப்படும் கழிவைப் பற்றி. கொட்டுமுன் கூவும் 'கார்டி லூ' என்பது தண்ணீர் ஜாக்கிரதை என்ற பிரெஞ்சுச் சொல்லின் சிதைவு. வின் அதற்குத் தரும் பொருள் "ஆண்டவரே இரங்கும்"!

வின் எழுதியதைக் கண்ணால் படித்தால் தடுமாற்றம்தான் மிஞ்சும். வாய்விட்டுப் படியுங்கள். அருளைக் குறிக்கும் 'கிரேஸ்' அவள் கையில் மசகெண்ணெய் 'கிரீஸ்' ஆகிறது. 'மேட்ரிமனி' என்ற திருமணம் 'மேட்டர்மணி' ஆகி, அதற்குள் பணம் ஒளிந்துகொள்கிறது. பிழை போல் தெரிவது உண்மையையும் சொல்லிவிடுகிறது என்பதே இதன் நயம். இப்படிச் சொல்லை மாற்றிப் போடுவதைக் குறிக்கும் 'மாலப்ராப்பிசம்' என்ற சொல் ஷெரிடனின் 'தி ரைவல்ஸ்' (1775) நாடகப் பாத்திரத்திலிருந்து வந்தது. வின் அதற்கு நான்காண்டு மூத்தவள் என்பதை விடையில் சேர்க்கத் தயங்க வேண்டாம்.

அடிக்கடி வரும் இன்னொரு பிழை, பிராம்பிளின் வசைகளையெல்லாம் ஸ்மாலெட்டின் கருத்தாக எழுதிவிடுவது. இருவருக்கும் ஒற்றுமை உண்டு. ஸ்மாலெட் மருத்துவர், நோயாளி, பயணி. ஆனால் ஸ்காட்லாந்துக்காரர், பிராம்பிள் வேல்ஸ்காரர். மேலும் பிராம்பிள் மாறுகிறார். முதல் கடிதத்தின் முதல் வரியே மாத்திரை பயனற்றது என்ற புலம்பல். லண்டன் ரொட்டியில் சுண்ணமும் படிகாரமும் எலும்புச் சாம்பலும் கலந்திருப்பதாகச் சீறுகிறார். வடக்கே போகப் போக உடலும் தேறுகிறது, நாக்கும் தணிகிறது. மாமாவைச் சிடுமூஞ்சி என்று தொடங்கிய ஜெரியும் மெல்ல மெல்ல அவரை மதிக்கிறான். இந்த இரண்டு மாற்றங்களையும் தேதியோடு குறித்து வைத்தால் பாத்திரப் படைப்புக் கேள்விக்கு வேறு தயாரிப்பு அதிகம் வேண்டாம்.

முடிவைப் பற்றி நான்கு வரி போதும். வண்டி கவிழ்ந்து ஆற்றில் மூழ்கும் பிராம்பிளைக் கிளிங்கர் காப்பாற்றுகிறான்; அவன் அவருடைய மகன் என்று தெரியவருகிறது; லிடியாவின் காதலனான நாடோடி நடிகன் வில்சன் உண்மையில் ஜார்ஜ் டென்னிசன். லிடியா–ஜார்ஜ், டபிதா–லெஃப்டினன்ட் லிஸ்மஹாகோ, வின்–கிளிங்கர் என மூன்று திருமணம். கடைசிக் கடிதம் யாருடையது என்று கேட்டால் பிராம்பிள் என்று எழுதிவிடுகிறார்கள். அது நவம்பர் 20 தேதியிட்ட வின் ஜென்கின்ஸின் கடிதம், அத்தனை எழுத்துப்பிழைகளோடும்.