கதிரை, யன்னல், ஒரு சொல்

1978ஆம் ஆண்டு, உயர்தர வகுப்பில், எங்கள் தமிழாசிரியர் கரும்பலகையில் கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, பாண், சப்பாத்து என்று ஆறு சொற்களை எழுதி, இவற்றுள் தமிழ்ச் சொற்கள் எவை என்று கேட்டார். ஆறும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை என்று அவரே பின்னர் சொன்னார். 1621இல் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலை இடித்தவர்கள் என்ற அளவில் மட்டுமே அவர்களை அறிந்திருந்த எங்களிடம், "அவர்களுக்கும் ஓர் இலக்கியம் இருக்கிறது, அதை வாசிக்காமல் அவர்களை அறிந்துவிட்டோம் என்று சொல்லக் கூடாது" என்றார். அன்றைய பாடம், உணர்ச்சியையும் கற்பனையையும் முதன்மைப்படுத்தும் மனோரதியமும் (ரொமான்டிசிசம்), வாழ்வை உள்ளபடி காட்டும் யதார்த்தவாதமும் பற்றியது. இரண்டையும் எதிரெதிர் நிரல்களில் எழுதி மனனம் செய்தோம்.

எட்டு ஆண்டுகளின் பின்னர் வேலைக்காக இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு வந்து சேர்ந்தேன். போர்த்துக்கேய யதார்த்தவாதத்தின் தலைமகனான எஸ்ஸா த கெய்ரோஸ் 1874 முதல் 1879 வரை இதே நகரில் தம் நாட்டுத் தூதரக அதிகாரியாக இருந்தார் என்பதை அறிந்தபோது, ஆசிரியரின் குரல் மீண்டும் கேட்டது. மாலை வகுப்பொன்றில் சேர்ந்து, அகராதியின் துணையோடு போர்த்துக்கேயம் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் கையில் எடுத்தது அல்மெய்டா கரெட்டின் 'ஃப்ரெய் லூயிஷ் த சோசா' என்ற நாடகம். 1843இல் முதன்முதலாக நடிக்கப்பட்ட அது, அந்நாட்டு மனோரதிய இலக்கியத்தின் சிகரம் என்று கருதப்படுவது. 1578இல் மொரோக்கோவில் நடந்த போரில் கணவன் மறைந்துபோகிறான். மனைவி ஏழு ஆண்டுகள் தேடிவிட்டு, அவன் இறந்தான் என்று தேறி மறுமணம் செய்து, ஒரு மகளையும் பெற்று வாழ்கிறாள். போர் நடந்து இருபத்தொரு ஆண்டுகள் கழித்து ஒரு யாத்திரிகன் வாசலில் வந்து நிற்கிறான். "நீ யார்?" என்று துறவி ஒருவர் கேட்க, சுவரில் தொங்கும் பழைய கணவனின் படத்தைத் தன் கோலால் சுட்டி, "எவருமில்லை" என்கிறான். காணாமற்போனவரை எதிர்பார்த்துக் கதவைத் தாழிடாமல் உறங்கும் வீடுகளை நான் அறிந்தவன். அந்த ஒற்றைச் சொல்லைத் தாண்டி அன்றிரவு என்னால் வாசிக்க முடியவில்லை. உணர்ச்சிப் பெருக்கு என்று நாங்கள் நிரலில் எழுதிய இலக்கியத்தில் இத்தனை சிக்கனம் இருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

கமிலோ காஸ்தெலு பிராங்கு அடுத்து வந்தார். மணமான பெண்ணொருத்தியுடன் கொண்ட உறவுக்காகப் போர்த்தோ நகரச் சிறையில் இருந்தபோது, 1861இல், பதினைந்து நாள்களில் எழுதியதாக அவரே சொன்ன நாவல் 'அமோர் த பெர்திசாவ்'. நாயகன் சிமாவ் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டுக் கப்பலிலேயே இறக்கிறான். அவனை வாய்திறவாமல் நேசித்த மரியானா, உடலைக் கடலில் இடும்போது தானும் குதிக்கிறாள். கதை முழுக்க மனோரதியம்தான். ஆனால் அவளுடைய தந்தையான இலாடம் கட்டுபவர் வாய் திறக்கும் இடமெல்லாம் ஊர்ப் பேச்சும் ஊர்ப் புத்தியும் அப்படியே எழுந்து நிற்கின்றன. யதார்த்தவாதிகள் வருவதற்கு முன்பே அந்த மனிதர் அங்கே இருந்தார்.

அவர்கள் வந்தது சண்டையோடு. 1865இல் முதுகவிஞர் கஸ்தில்யு, கொயிம்பிராப் பல்கலைக்கழக நகரின் இளம் எழுத்தாளரைக் குறைத்துப் பேச, அவர்களுள் ஒருவரான அந்தேரு த கென்டால் கடுமையான மறுப்புரை ஒன்றை வெளியிட்டார். 1871இல் அவ்விளைஞர்கள் லிஸ்பனில் நடத்திய சொற்பொழிவுத் தொடரில், இருபத்தைந்து வயது எஸ்ஸா யதார்த்தவாதமே கலையின் புதிய வழி என்று முழங்கினார்; அதே யூன் மாதத்தில் அரசாங்கம் தொடரைத் தடைசெய்தது. அத்தடையைக் கண்டித்து எழுதியவர்களுள் ஒருவர் முதிய மனோரதிய எழுத்தாளர் எர்குலானு. தலைமுறைச் சண்டை என்று மட்டும் சொல்லி நாம் கடந்துவிடுகின்ற அந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழச் செய்தவர் அவர்தான்.

நியூகாசிலில் இருந்தபோது எஸ்ஸா எழுதி, 1878இல் வெளியிட்ட 'ஓ பிரிமு பசீலியு' நாவலின் லுயீசா, காதற்கதைகளை வாசித்து வாசித்தே வழி தவறுகிறாள். மனோரதியத்தின் மீதான குற்றப்பத்திரிகை போலத் தோன்றும் அந்நூலில், எசமானியின் கடிதங்களைத் திருடி அவளை மிரட்டும் பணிப்பெண் யூலியானாவே என்னைக் கட்டிப்போட்டாள். காலமெல்லாம் பிறர் வீட்டில் உழைத்து, முதுமைக்கு ஒரு காசும் சேராத அவளுடைய வன்மத்தை எஸ்ஸா நியாயப்படுத்தவில்லை. ஆனால் அது எங்கிருந்து பிறந்தது என்பதை ஒளிக்கவுமில்லை.

1995இல் லிஸ்பன் சென்றபோது, 1903இல் எஸ்ஸாவுக்கு எழுப்பப்பட்ட சிலையின் முன் நெடுநேரம் நின்றேன். உண்மை என்னும் பெண்ணுருவை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே, அவருடைய 'அ ரெலிக்கியா' நாவலின் முகப்பு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை "உண்மையின் வலிய நிர்வாணத்தின்மேல் கற்பனையின் மெல்லிய போர்வை" என்று தமிழாக்கி, நாங்கள் அன்று எழுதிய இரு நிரல்களும் இங்கே ஒரே வரியில் நிற்கின்றன என்ற குறிப்போடு, ஆசிரியருக்கு அஞ்சலட்டையில் அனுப்பினேன்.

மறுமடல் பல மாதங்கள் கழித்து வந்தது. என்னுடைய வரியை அவர் தமது கையெழுத்தில் அப்படியே படியெடுத்து, 'மெல்லிய' என்ற சொல்லை மட்டும் வெட்டியிருந்தார். மேலே 'ஊடுதெரியும்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு குறிப்பு: "தம்பி, போர்வை தடிப்போ மெல்லிசோ என்பதல்ல, உள்ளே இருப்பது தெரிகிறதா என்பதுதான் அவர் சொல்வது. மூலத்தை மீண்டும் பாரும்." பார்த்தேன். மூலத்தில் அந்தச் சொல்தான் இருந்தது.