பாலிஷ் முதலில், பசை பிறகு

அந்தப் பெஞ்சின் முதுகுச் சாய்வில் பதிமூன்று பட்டிகள். ஒரு பட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு விரல் நுழையும், உப்புத்தாள் சுற்றிய கட்டை நுழையாது. எல்லாவற்றையும் கோத்து, வெள்ளைப் பசை போட்டு இறுக்கி, காய்ந்த பிறகுதான் பாலிஷ் வேலைக்கு உட்கார்ந்தேன். இரண்டு நாள் போயிற்று. ஒவ்வொரு மூலையிலும் பாலிஷ் தேங்கி வடிந்தது. அதைவிட மோசம், பட்டி சட்டத்தில் இறங்கும் இடங்கள். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டதாகத்தான் நினைப்பு. நிறம் ஏற்றியதும் அங்கெல்லாம் வெளிறிய திட்டுகள் எழுந்து நின்றன. மரத்தின் நுண்துளைகளைப் பசை அடைத்துக்கொண்டால் நிறம் உள்ளே இறங்காது.

அடுத்த பெஞ்சுக்கு வரிசையைத் திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாகப் பாலிஷ் முடித்துவிட்டு, அப்புறம் கோப்பது. பட்டறையில் மூத்தவரான மேஸ்திரி பார்த்துவிட்டு, "பாலிஷ் மேல பசை பிடிக்குமா தம்பி?" என்றார்.

பிடிக்காது. பிடித்தமாதிரி தெரிந்தாலும், பாலிஷ் மரத்தை எவ்வளவு பிடித்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் இணைப்பும் தாங்கும். ஆகவே இந்த முறையில் பாலிஷ் அடிப்பது சின்ன வேலை. எந்த இடம் வெறும் மரமாக நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை.

முதலில் எல்லா முகங்களையும் கடைசித் தாள் வரை தேய்த்து முடித்துவிட வேண்டும். கோத்துப் பார்ப்பது அதற்குப் பிறகு. மாற்றிச் செய்தால், துளை இருக்கும் முகத்தைத் தேய்க்கும்போது விளிம்பு உருண்டுவிடும். பட்டியின் நுனியில் துளைக்குள் இறங்குவதற்காகச் செதுக்கிய நாக்குதான் கழுந்து; அதன் அடியில் துளையின் முகத்தில் வந்து உட்காரும் படி, தோள். கச்சிதமாக உட்கார்ந்த கழுந்தின் தோளுக்கடியில் மயிரிழை இடைவெளி தெரியும். பசை இல்லாமல் கோத்து, தோள் எங்கே உட்காருகிறதோ அதைச் சுற்றிக் கூர்மையான பென்சிலால் கோடு போடுவேன். பிரித்த பிறகு, பாலிஷ் படாமல் மறைக்கும் மாஸ்கிங் டேப்பை அந்தக் கோட்டின் மேலேயே ஒட்டக் கூடாது. கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே ஒட்ட வேண்டும். அப்போது பாலிஷ் தோளுக்கடியில் கொஞ்சம் ஓடியிருக்கும், இணைப்பைச் சுற்றி வெறும் மரம் கோடாகத் தெரியாது. அந்த ஒரு மில்லிமீட்டரால் வலு குறையுமா என்று பயந்திருக்கிறேன். தோள் என்பது நார் முனை, அதாவது மரநார் குறுக்கே வெட்டுப்பட்ட முகம். அங்கே பசையின் பிடி எப்போதுமே குறைவு. பாரத்தைத் தாங்குவது கழுந்தின் அகலக் கன்னங்கள்தான். அவற்றின் மேல் ஒரு துளி பாலிஷும் படக் கூடாது. துளைக்குள் ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைத் திணித்துவிடுவேன். எந்தப் பட்டி எந்தத் துளைக்கு என்ற எண்ணைக் கழுந்தின் நுனியில் எழுதுவேன். கடைசிவரை அழியாத இடம் அது ஒன்றுதான்.

பாலிஷ் நன்றாக இறுகக் காத்திருக்க வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பது போதாது. ஒருமுறை அவசரப்பட்டு மறுநாளே கிளாம்ப் போட்டேன். அடியில் வைத்த துணியின் நெசவு அப்படியே பாலிஷில் அச்சாகிவிட்டது.

இந்த முறைக்கு நான் எடுத்துக்கொண்ட பசை எபாக்சி. பிசினையும், அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் கலந்து செய்வது. சரி, பசை ஏன் எபாக்சி? வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. கழுந்து அதைக் குடித்து உப்பி, பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். இருபத்தாறு கழுந்துகளையும் சில நிமிடங்களில் துளைக்குள் இறக்கியாக வேண்டும். கடைசிப் பட்டிக்கு வருவதற்குள் முதல் பட்டி அசையாது. சுத்தியலால் ஓங்கி அடிக்கலாம் என்றால் பாலிஷ் போட்ட மரம். எபாக்சியில் தண்ணீர் கிடையாது. மரம் உப்பாது, கழுந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். மெதுவாக இறுகும் வகையானால் நிதானமாகச் சதுரம் பார்த்து, மூலைக்கு மூலை அளந்து திருத்த நேரம் கிடைக்கும். துளை சற்றுத் தளர்வாக இருந்தாலும் இடைவெளியை நிரப்பிக்கொண்டு வலுவாக நிற்கும். வெள்ளைப் பசையால் அது முடியாது. கிளாம்பை முறுக்கித் தள்ள வேண்டியதும் இல்லை. அழுத்தினால் பசையெல்லாம் வெளியே போய் இணைப்பு வறண்டுவிடும். இத்தனை சொல்லியும் மேஸ்திரிக்கு அது இன்றும் 'நேத்து வந்த பசை'தான். அது விற்பனைக்கு வந்தது 1940களில்!

அதற்கென்று சில குணங்கள் உண்டு. இருபத்தாறு இணைப்புக்கும் ஒரே தடவையில் கலந்துவிடலாம் என்று முழுக் கிண்ணம் கலந்தேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கிண்ணம் கையைச் சுட்டது. கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறேன், நடுவில் மஞ்சளாகித் திரண்டு புகை விடுகிறது. இறுகும்போது சூடு வரும், அந்தச் சூடு இன்னும் வேகமாக இறுக வைக்கும். குவியலாக இருந்தால் சூடு வெளியேற வழியில்லை. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிறேன், கலந்ததை உடனே அகலத் தட்டில் பரப்பிவிடுகிறேன். வேகமாக இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இறுகாது, கொழகொழவென்று நிற்கும். சொன்ன விகிதம் சொன்ன விகிதம்தான். அது எடைக்கா, கன அளவுக்கா என்பதையும் டப்பாவில் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அடிக்கடி பட்டால் தோல் ஒருநாள் ஒவ்வாமையாகத் திரும்பிக்கொள்ளும். அப்புறம் ஆயுளுக்கும் அது போகாமல் இருக்கலாம்.

தடவுவதிலும் ஒரு சங்கதி. கழுந்தில் அப்பினால் உள்ளே போகும்போது துளையின் விளிம்பு அதை வழித்து வெளியே தள்ளிவிடும். துளையின் சுவர்களில் தடவி, கழுந்தில் மெல்லிசாக ஈரப்படுத்தினால் மிச்சம் அடிப்பக்கம் போய்ச் சேரும். துளையை அதற்காகவே இரண்டு மில்லிமீட்டர் ஆழமாக விடுகிறேன். தேக்குபோல எண்ணெய்ப்பசை உள்ள மரமானால் ஒட்டும் முகங்களை அசிட்டோனால் துடைத்து, உலர்ந்ததும் தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். அந்தத் துணி பாலிஷ் பக்கம் போகக் கூடாது.

துணி என்றதும் இந்த முறையில் செய்த ஒரு பெஞ்சு ஞாபகம் வருகிறது. பாலிஷை முன்னால் முடித்ததில் உள்ள பெரிய லாபம், பிதுங்கும் பசை மரத்துக்குள் இறங்காது என்பது. கோத்து முடித்த சந்தோஷத்தில், பிதுங்கிய எபாக்சியை ஸ்பிரிட் நனைத்த துணியால் அழகாகத் துடைத்துக்கொண்டே போனேன். நாலாவது பட்டியில் துணி பழுப்பாக வந்தது. நான் போட்டிருந்தது அரக்குப் பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் அந்தப் பாலிஷே செய்கிறோம். நானே கரைத்தது, நானே போட்டது! மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. துணியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் ஈரத்தோடு துடைக்க வேண்டுமென்றால் வினிகர். பெரும்பாலும் அதையும் செய்வதில்லை. எபாக்சி ரப்பர் பதத்துக்கு வரும்வரை விட்டுவைக்கிறேன். கூர் தீட்டிய மூங்கில் சிம்பை மூலையில் வைத்துத் தள்ளினால் நூல்போல ஒரே இழையாக உரிந்து வரும். அந்தப் பதம் கொஞ்ச நேரந்தான் நிற்கும். இணைப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் கலந்த தட்டில் மிஞ்சியதை வீசாமல் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன். நகம் பதிந்து எழும்பினால் சிம்பை எடுக்கலாம். மறுநாள் நகமே பதியாவிட்டால் கிளாம்பைக் கழற்றலாம்.