சித்தப்பாவும் சிவப்புக் கூன்வண்டும்

கஜா புயல் விட்டுவைத்த தென்னைகளுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் தனி மரியாதை உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் தோப்புத் தோப்பாக மரங்கள் சாய்ந்தபோதும் நின்றவை அல்லவா! என் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் அப்படி ஒன்று நின்றது. நிமிர்ந்து நின்றது என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையை எட்டிப் பார்த்தபடி நின்றது.

புயலுக்குத் தப்பிய மரத்தைச் சிவப்புக் கூன்வண்டு பிடித்துக்கொண்டது. தண்டில் ஓட்டைகள், அவற்றிலிருந்து வடியும் பழுப்புச் சாறு, காதை வைத்துக் கேட்டால் உள்ளே புழுக்கள் மெல்லும் சத்தம். கொண்டை ஒரு பக்கமாகத் தொங்க ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டு அத்தை தன் பசுவை அவிழ்த்து வந்து சித்தப்பா வாசலில் கட்டத் தொடங்கினார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாணியை அள்ளியது சித்தி.

வழக்கமாகத் தேங்காய் பறிப்பவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். “கீழே விழுந்தால் பரவாயில்லை ஐயா. கொட்டகைமேல் விழாமல் இறக்கவேண்டும் என்பதற்குத்தான் காசு” என்றார். சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. வெட்டுவதற்குக் கூலி கொடுக்கலாம், விழாமல் இருப்பதற்கு எதற்கு?

தவிர, அவரிடம் மெஷின் இருந்தது. கஜாவுக்குப் பிறகு தோப்பிலும் சாலையிலும் கிடந்த மரங்களை அறுக்க ஊரில் பலர் பெட்ரோல் ரம்பம் வாங்கினார்கள். சித்தப்பாவும் வாங்கினார். அது வந்து சேர்வதற்குள் ஊரார் எல்லா மரத்தையும் அறுத்து முடித்திருந்தார்கள். அன்றிலிருந்து பரணில் இருந்தபடி அது ஒரு மரத்துக்காகக் காத்திருந்தது; சித்தப்பாவும்தான்.

வெளிநாட்டு ஆட்கள் ஆளுயரப் பைன் மரத்தை அல்ல, ஆகாயத்தைத் தொடும் பைன் மரத்தையே தனியாளாக ஏறி அறுத்துத் தள்ளும் வீடியோக்களை அவர் இரவெல்லாம் பார்த்தார். பிறகு பார்சல்கள் வர ஆரம்பித்தன. இடுப்புக்கும் தொடைக்குமான பெல்ட், மரத்தைச் சுற்றிக் கட்டும் கம்பிக் கயிறு, தலைக்கவசம், காலில் கட்டிக்கொள்ளும் இரும்பு முள். கடைசியாக வந்ததைப் பார்த்த சித்தி, “சேவலுக்குக் கட்டுகிற கத்தி மாதிரி இருக்கிறதே” என்றார்.

ரம்பம் முதலில் உயிர் பெறவே மறுத்தது. டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்திருந்தது. டவுனில் ஒரு மெக்கானிக் அதைச் சுத்தம் செய்து, பெட்ரோலில் டூடி ஆயில் கலக்கவேண்டும், சங்கிலிக்குத் தனி ஆயில் ஊற்றவேண்டும், சங்கிலி ஓடும் பட்டையின் நுனி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும் என்று மூன்று பாடம் நடத்தி அனுப்பினார். சித்தப்பா மூன்றாவதை மட்டும் சித்தியிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, முழு அலங்காரத்தில் கொல்லைக்கு வந்தார். தெருவில் பாதிப் பேர் வேலியோரம் சேர்ந்துவிட்டார்கள். என்னைக் கயிற்றுக்குப் பொறுப்பாக நியமித்தார். அவர் மேலே போய்ச் சைகை காட்டியதும் ரம்பத்தைக் கட்டி மேலே அனுப்பவேண்டும்.

ஏறினார், அதைக் குறைசொல்ல முடியாது. ஒரு முள்ளைக் குத்தி, மறு முள்ளைக் குத்தி, கம்பிக் கயிற்றை மேலே தள்ளித் தள்ளி ஏறினார். கிட்டத்தட்ட பதினைந்தடி உயரத்தில், தொங்கும் கொண்டைக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கையில், நின்றுவிட்டார். மெஷினைச் சோதித்துப் பார்க்கப்போவதாக அறிவித்தார். நான் அனுப்பினேன்.

அங்கேதான் சிக்கல். ரம்பத்தை இயக்க ஒரு கையால் அதைப் பிடிக்கவேண்டும், மறு கையால் அதன் ஸ்டார்ட்டர் கயிற்றைச் சுண்டி இழுக்கவேண்டும். அப்படியானால் மரத்தை யார் பிடிப்பது? பெல்ட்டை நம்பிப் பின்னால் சாய்ந்து நின்றால் இரண்டு கையும் சும்மா இருக்கும், அதற்குத்தான் பெல்ட். வீடியோவில் வந்தவர்கள் எல்லாரும் சாய்ந்துதான் நின்றார்கள். சித்தப்பாவோ பணம் கொடுத்து வாங்கிய பெல்ட்டை நம்பாமல், புழு தின்ற மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். ரம்பம் அவர் இடுப்புக்குக் கீழே தனியாக ஊஞ்சல் ஆடியது.

“இறங்கிவிடுங்கள்” என்று சித்தி கத்தினார்.

“காற்று நன்றாக வருகிறது, கொஞ்சம் இருக்கிறேன்” என்றார்.

இறங்க முடியவில்லை என்பதை ஒரு மனிதர் இதைவிடக் கௌரவமாகச் சொல்ல முடியாது. ஏறும்போது முள் நாரில் ஆழமாக இறங்கிவிடுகிறது. இறங்கும்போது அதைப் பிடுங்கவேண்டும். பிடுங்க ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். நிற்க அந்தப் பெல்ட்டை நம்பவேண்டும். வேலியோரத்திலிருந்து ஆலோசனைகள் பறந்தன. ஒருவர் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடலாம் என்றார். மாடு மட்டும் மேலே பார்க்கவே இல்லை.

கடைசியில் வந்தவர் தேங்காய் பறிப்பவர்தான். காலில் தளைக்கயிறு, இடுப்பில் அரிவாள், வேறு எதுவும் இல்லை. சித்தப்பா வீட்டு ஏணியை மரத்தோடு சேர்த்துக் கட்டி ஏறிப்போய், சித்தப்பாவின் பாதத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏணிப்படியில் வைத்து, கீழே கொண்டுவந்து சேர்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “மரத்தை இறக்கச் சொன்ன தொகை அப்படியேதான் இருக்கிறது. ஐயாவை இறக்கியது தனி” என்றார். சித்தி மறுபேச்சில்லாமல் இரண்டையும் ஒப்புக்கொண்டார்.

அவர் வேலை செய்ததைப் பார்த்திருக்கவேண்டும். பழுதில்லாத பக்கமாகவே ஏறினார். மட்டைகளை ஒவ்வொன்றாகக் கழித்தார். கொண்டையைக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றைக் கொல்லை வேப்பமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை என்னிடம் கொடுக்கச் சொன்னார். வெட்டுப்பட்டதும் மரம் ஒரு ஆட்டம் ஆடியது. அவ்வளவு பெரிய கொண்டையின் பாரம் அந்த இரண்டு சுற்றில் அடங்கிவிட, நான் ஒரு கையாலேயே தளர்த்தித் தளர்த்தித் தரையில் இறக்கினேன். தண்டும் அப்படியே துண்டுதுண்டாக வந்தது. கொட்டகையில் ஓர் ஓடு நகரவில்லை. அறுப்பது நொடி வேலை, மற்றதெல்லாம் கயிறுதான் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடிமரத்தை மட்டும் சித்தப்பாவுக்கு விட்டுவைத்தார். ரம்பம் உறுமியது, கூட்டம் பின்வாங்கியது. தென்னைக்கு வெளிப்பக்கம்தான் இரும்பு, உள்ளே வெறும் நார். உள்ளே போனதும் ஈர நார்த்தூள் அடைத்துச் சங்கிலி கழன்றது. மீதியைக் கோடரி பார்த்துக்கொண்டது. வண்டு பரவாமலிருக்கத் தண்டைப் பிளந்து எரித்தோம். வாய்க்கால் பாலத்துக்குக் கேட்டு வந்திருந்த ஒருவர் வருத்தத்தோடு திரும்பினார்.

கூலி வாங்கும்போது தேங்காய் பறிப்பவர் திண்ணையில் கிடந்த பெல்ட்டை எடுத்து, தையலை இழுத்துப் பார்த்தார். “பணத்தில் பாதி போதும், இதைக் கொடுங்கள். வீட்டில் அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்” என்றார். சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் சித்தி பெல்ட்டோடு கம்பிக் கயிற்றையும் தலைக்கவசத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். இரும்பு முள்ளையும் இலவசமாக நீட்டினார். அவர் கையால்கூடத் தொடவில்லை.

“இதை மாட்டிக்கொண்டு காய்க்கிற மரத்தில் ஏறினால் மரம் முழுக்க ஓட்டை விழும் அம்மா. கூன்வண்டுக்கு நாமே வாசல் வைத்துக் கொடுத்ததாகிவிடும்.”

முள் இப்போது கொல்லைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுக்கிறது. தேங்காய் பறிப்பவர் பெல்ட் கட்டிக்கொண்டுதான் ஏறுகிறார். சாய்ந்து நின்று, இரண்டு கையையும் விட்டு, மேலே இருந்தபடியே போன் பேசுகிறார்.