41-ஆ, 47-ஆ

கோடியக்கரைப் பக்கத்து உப்பளங்களில் பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டும் முகாம் ஒன்றில் மூன்று பருவம் உதவியாளனாக இருந்தேன். முதல் நாளே பறவையைக் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கொடுத்தது ஒரு பதிவேடும் இரண்டு பென்சிலும். பேனா கூடாது, உப்புக்காற்றின் ஈரத்தில் மை பரவிவிடும். மூத்தவர் வளையத்தின் எண்ணை வாசிப்பார். நான் அதை உரக்கத் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுத வேண்டும். அவசரத்தில் நேரே எழுதினால், "தம்பி, திருப்பிச் சொல்லு" என்பார். ஒரு நாளும் கோபப்பட்டதில்லை, ஒரு தடவையும் விட்டதும் இல்லை.

அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் எங்களுக்கு. நிலா வெளிச்சம் இருந்தால் வலை பறவையின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பாத்திகளுக்குக் குறுக்கே மூங்கில் கழி நட்டு, மயிரிழை போன்ற கறுப்பு நைலான் வலையைக் கட்டுவோம். சேறு சில இடங்களில் முழங்கால் வரை வரும். வலையில் விழுந்ததைச் சிக்கெடுத்து, துணிப்பையில் போட்டுக் கூடாரத்துக்குக் கொண்டுவருவோம். வளையம் மாட்டி, இறக்கையும் மூக்கும் அளந்து, எடை போட்டு விட்டுவிடுவோம். பறவை கையில் இருப்பது இரண்டு மூன்று நிமிடம்.

இந்தியாவில் இந்த வேலை பெரிய அளவில் தொடங்கியதற்கு ஒரு காய்ச்சல்தான் காரணம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். 1957-ல் அன்றைய மைசூர் மாநிலத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் நோய் வந்தது. உண்ணி மூலம் பரவும் வைரஸ். அதே குடும்பத்து வைரஸ் ரஷ்யாவிலும் இருந்ததால், வலசை வரும் பறவைகள்தான் உண்ணியைச் சுமந்துவந்தனவோ என்ற சந்தேகம் எழுந்தது. அதை ஆராய உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் 1959-ல் திட்டத்தைத் தொடங்கினார்கள். சந்தேகம் ஓய்ந்துபோனது. வளையம் மாட்டும் வேலை மட்டும் தொடர்ந்தது.

எங்கள் வலையில் நிறைய வந்தவை கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும். கொசு உள்ளான் 25 கிராம்கூட இருக்காது. கையில் வைத்தால் எடை தெரியாது, சூடும் துடிப்பும்தான் தெரியும். எனக்குப் பிடித்தது வளைமூக்கு உள்ளான். அது முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், தைமிர் தீபகற்பம் போன்ற மரமில்லாத துந்திரா வெளிகளில். அங்கிருந்து கோடியக்கரை நேர்கோட்டில் அளந்தாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல். பறவை நேர்கோட்டில் வருவதில்லை. வழியில் ஏரிக்கரையிலும் சேற்றுவெளியிலும் இறங்கித் தின்று, உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டுதான் அடுத்த தொலைவுக்குக் கிளம்பும். புறப்படும் பருவத்தில் வயிற்று இறகை ஊதி விலக்கினால் தோலுக்கு அடியில் அந்தக் கொழுப்பு மஞ்சளாகத் தெரியும். டிசம்பரில் சாம்பல் நிறத்தில் இருந்த அதே பறவை ஏப்ரலில் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் ஒருவர் பயணத்துக்குப் பெட்டி கட்டுவதைப் பார்க்கிற மாதிரி மனம் கனக்கும்.

வயது பார்ப்பதை மூத்தவர்தான் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கோடையில் பிறந்த குஞ்சின் இறக்கை இறகுகளில் வெளிறிய விளிம்பு இருக்கும். இந்த இனத்தில் ஆண் பறவைகள் முதலில் தெற்கே கிளம்பிவிடும், பின்னால் பெண் பறவைகள், கடைசியில் குஞ்சுகள். இதைக் கேட்ட இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. பிறந்து சில வாரங்களே ஆன குஞ்சுகள், வழிகாட்ட அப்பாவும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல், ஒரு கண்டத்தின் வட விளிம்பிலிருந்து தென் விளிம்புக்கு வந்து சேர்கின்றன.

குஞ்சுகள் எத்தனை வருகின்றன என்பது துந்திராவின் எலிகளைப் பொறுத்தது. லெம்மிங் என்னும் எலி பெருகிய ஆண்டில் நரிகள் அதைத் தின்று பறவைக் கூடுகளை விட்டுவைக்கும். எலி குறைந்தால் முட்டையும் குஞ்சும் நரிக்குத்தான். அப்படிப்பட்ட ஆண்டில் தெற்கே வரும் கூட்டங்களில் இளம் பறவைகள் மிகக் குறைவு. நம் ஊர் உப்புப் பாத்தியில் உட்கார்ந்துகொண்டு தைமிரில் எலி எப்படி என்று கணிக்கலாம். அதற்குத்தான் வயதுக் கட்டம் பதிவேட்டில் அவ்வளவு முக்கியம்.

இப்போது செயற்கைக்கோள் கருவிகள் வந்துவிட்டன. 2022-ல் பட்டைவால் மூக்கன் இனத்து இளம் பறவை ஒன்று, 5 கிராம் கருவியோடு அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர், 11 நாள் எங்கும் இறங்காமல் பறந்தது. ஆனால் கொசு உள்ளானின் முதுகில் 5 கிராமை ஏற்ற முடியாது. அதற்கு இன்றும் பெரும்பாலும் அலுமினிய வளையமும் யாரோ ஒருவர் எழுதும் எண்ணும்தான்.

சரி, அந்த எண்ணுக்கு வருகிறேன்.

மூன்றாவது பருவத்தில், தை பிறந்த பிறகு ஓர் இரவு, வலையில் வந்த வளைமூக்கு உள்ளானின் காலில் ஏற்கனவே வளையம் இருந்தது. எங்கள் முகாமின் வளையம்தான். கூடாரத்தில் எல்லோரும் எழுந்துவிட்டோம். இப்படி அமைவது அபூர்வம். எண் 41-ல் முடிந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டினோம். 41 இல்லை. ஆனால் முதல் பருவத்தின் ஒரு பக்கத்தில் 47 இரண்டு தடவை இருந்தது. என் கையெழுத்து.

அந்த இரவு எனக்கு நினைவிருந்தது. வரிசையாகக் கோத்திருந்த வளையங்கள் சேற்றில் கொட்டிவிட்டன. கையில் அகப்பட்டதை எடுத்து வரிசை மாறி மாட்டினோம். மூத்தவர் வலைப்பக்கம் போயிருந்தார். திருப்பிச் சொல்லச் சொல்ல ஆள் இல்லை, நானும் சொல்லவில்லை. 1-க்குத் தலையில் வளைவு வைத்து எழுதுவேன். 7 மாதிரியே இருக்கும். இரண்டில் எது 41 என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் மூக்கு நீளமும் இறக்கை நீளமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒன்றின் வயதுக் கட்டத்தில் 'முதிர்ந்தது' என்றும், மற்றதில் 'இவ்வாண்டுக் குஞ்சு' என்றும் எழுதியிருந்தேன்.

குஞ்சு என்றால், அதன் வயதை மாதக் கணக்கில் சொல்லியிருக்கலாம். முதல் கோடையை இளம் பறவைகள் பெரும்பாலும் தெற்கிலேயே கழித்துவிடும். ஆகவே அது வடக்கே போய்த் திரும்பியது ஒரே ஒரு தடவையாக இருந்திருக்கும். முதிர்ந்தது என்றால் இரண்டு தடவை போய் வந்திருக்கும், அதற்கு முன் எத்தனையோ. அத்தனை தூரம் பறந்து அதே பாத்திக்கு அது வந்துவிட்டது. அதன் கதையை வைத்திருக்க வேண்டிய பக்கத்தில் என் கோணல் எழுத்து.

மூத்தவர் திட்டவில்லை. குறிப்புக் கட்டத்தில் 'முந்தைய பதிவில் ஐயம்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அப்புறம் பறவையை விடுவதற்கு முன் டார்ச் வெளிச்சத்தில் எண்ணை மறுபடி வாசித்தார். நான் இரண்டு தடவை திருப்பிச் சொன்னேன். நாலு, ஒன்று. நாலு, ஒன்று.