எச்பிஎக்ஸ்: செத்த செல்லை எண்ணுவதில் சறுக்கும் இடங்கள்

செத்த செல்கள் எத்தனை என்பதற்கு ஒருவழியாக நம்பக்கூடிய எண் கைக்கு வந்துவிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸின் எக்ஸ் புரதம் (எச்பிஎக்ஸ்) கல்லீரல் செல்லைச் சாகடிக்கிறதா, சாகவிடாமல் தடுத்துப் புற்றுக்கு வழிவிடுகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு பக்கமும் ஆதாரம் குவிந்துகிடக்கிறது. 154 அமினோ அமிலம், 17 கிலோடால்டன்தான் இந்தப் புரதம். ஆனால் செல்லின் சாவைக் கட்டுப்படுத்தும் பிசிஎல்-2 புரதக் குடும்பத்தோடு ஒட்டும், மைட்டோகாண்ட்ரியாவில் போய் உட்காரும், செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றும், டிடிபி1 என்ற செல் புரதத்தைப் பிடித்து, வைரஸை அடக்கும் எஸ்எம்சி5/6 புரதக் கூட்டை அழிக்கும். எந்தப் பக்கம் சாயும் என்பது செல் வகையையும் புரதத்தின் அளவையும் பொறுத்தது. இது தெரிந்திருந்தும் முதல் மூன்று மாதத் தரவைக் குப்பையில் போட வேண்டியதாயிற்று.

குளோனிங், சீக்வென்ஸ் சரிபார்ப்பு, மைக்கோபிளாஸ்மா சோதனை எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. செல்லுக்குள் டிஎன்ஏவை ஏற்றும் ட்ரான்ஸ்ஃபெக்ஷனில்தான் வினை தொடங்கியது.

ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல் வகை லேசில் டிஎன்ஏவை ஏற்காது. ஏற்கட்டும் என்று டிஎன்ஏவைச் சுமந்து செல்லும் லிப்பிட் ரீஏஜென்டைக் கூட்டினோம். எச்பிஎக்ஸ் போட்ட வெல்லில் (தட்டின் குழியில்) செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. வெறும் வெக்டர் (எச்பிஎக்ஸ் மரபணு இல்லாத பிளாஸ்மிட்) போட்ட வெல்லிலும் ஏறக்குறைய அதே அளவு சாவு! கொன்றது ரீஏஜென்ட். அதனால் எதுவும் போடாத வெல், ரீஏஜென்ட் மட்டும், வெறும் வெக்டர், எச்பிஎக்ஸ் என நான்கும் ஒரே தட்டில் இருந்தே ஆக வேண்டும். எச்பிஎக்ஸ் அளவைக் குறைக்கும்போது மொத்த டிஎன்ஏ குறையாதபடி வெறும் வெக்டரால் ஈடுகட்டுங்கள். எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) நீக்கிய பிளாஸ்மிட் வேண்டும். சாதாரண மினிபிரெப்பில் (சிறு அளவுப் பிரித்தெடுப்பு) வரும் பிளாஸ்மிட் இதற்கு ஆகாது.

அடுத்தது அனெக்சின் வி, சாகும் செல்லின் மேல் ஒட்டி அதைக் காட்டும் புரதம். மீடியத்தில் மிதக்கும் செல்களைக் கொட்டிவிட்டால் செத்தவற்றில் பெரும்பகுதி போய்விடும். மீடியத்தையும் கழுவிய பஃபரையும் ஒரே குழாயில் சேருங்கள். ட்ரிப்சினோடு வரும் இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் அனெக்சின் ஒட்டாது. இரண்டு முறை கழுவி, 2.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு உள்ள பைண்டிங் பஃபருக்கு மாற்றுங்கள். இருட்டில் 15 நிமிடம் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டிவிட வேண்டும். பிளாஸ்மிடில் ஜிஎஃப்பி (ஒளிரும் புரதம்) இருந்தால் எஃப்ஐடிசி சாயம் ஒட்டிய அனெக்சின் வாங்காதீர்கள், இரண்டும் ஒரே பச்சை. நாங்கள் ஒரு முழுக் கிட்டை அப்படித்தான் இழந்தோம். ஏபிசி என்ற சிவப்புச் சாயத்துக்கு மாறிய பிறகே தெளிவு கிடைத்தது.

அதிகம் நோகடித்தது புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட். விலை கொடுத்து வாங்கிய ஆன்டிபாடி வெறும் வெக்டரிலும் பட்டை காட்டியது. விற்றவர்களிடமிருந்து உருப்படியான பதில் இல்லை. எச்பிஎக்ஸில் எச்ஏ டேக் (அடையாளத் துண்டு) போட்ட பிறகே மூச்சு வந்தது. 15 சதவீத ஜெல், 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வு. செல் சாகும்போது தோன்றும் பிளவுபட்ட காஸ்பேஸ்-3-இன் பட்டைகள் 17, 19 கிலோடால்டனில் விழும், எச்பிஎக்ஸும் அங்கேதான். ஒரே சவ்வை ஸ்ட்ரிப் செய்து (ஒட்டிய ஆன்டிபாடியைக் கழற்றி) மறுபடி பார்த்தால் எது எதுவென்று சொல்லவே முடியாது. சாவுக்குச் சான்றாக பார்ப் புரதம் 116 கிலோடால்டனிலிருந்து 89-க்கு இறங்குவதைப் பாருங்கள்.

எச்பிஎக்ஸ் சீக்கிரம் சிதைவதால் பட்டை மங்கலாகவே வரும். புரதச் சிதைவைத் தடுக்கும் எம்ஜி132 கொடுத்தால் தெளியும். ஆனால் அந்த மருந்தே அப்போப்டோசிஸை (செல்லின் திட்டமிட்ட சாவை) தூண்டும். பட்டை பார்க்கும் வெல்லுக்கு மட்டும் கொடுங்கள், சாவை எண்ணும் வெல்லுக்குக் கூடவே கூடாது. சைக்ளோஹெக்சிமைடிலும் இதே பொறி. செல்லின் சாவைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தால் கொல்ல அதைச் சேர்ப்பது வழக்கம். அது புரத உற்பத்தியை நிறுத்துவதால் எச்பிஎக்ஸும் காணாமல் போகும், பிறகு எதை அளக்கிறோம்? டிஎன்எஃப் மட்டும் கொடுத்த வெல்லையும் வைத்து, ஒவ்வொரு நேரப் புள்ளியிலும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

செல் தேர்வும் விடையை மாற்றும். ஹெப்ஜி2-இல் புற்றைத் தடுக்கும் பி53 புரதம் இயல்பானது, ஹூ7 என்ற இன்னொரு கல்லீரல் புற்றுச் செல்லில் பழுதானது, ஹெப்3பி என்ற மற்றொன்றில் பி53 இல்லை. போதாததற்கு ஹெப்3பி-யின் மரபணுத் தொகுதியில் ஹெபடைடிஸ் பி டிஎன்ஏ ஏற்கெனவே செருகிக் கிடக்கிறது. ஒரே வகையில் பார்த்து முடிவு சொல்லாதீர்கள்.

கடைசியில் கைகொடுத்தது டாக்சிசைக்ளின் போட்டால் மட்டும் எச்பிஎக்ஸை உண்டாக்கும் நிலையான செல். செல் வளர்க்கும் சீரம் டெட்ராசைக்ளின் இல்லாததாக இருக்க வேண்டும், இல்லையேல் மருந்து போடாமலே எச்பிஎக்ஸ் கசியும். டாக்சிசைக்ளின் மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியைத் தொடுவதால், எச்பிஎக்ஸ் செருகாத மூலச் செல்லுக்கும் அதே அளவு கொடுத்து ஒப்பிடுங்கள். டிடிபி1-ஐப் பிடிக்காத ஆர்96இ என்ற மாற்றம் பெற்ற எச்பிஎக்ஸும் கூடவே ஓடட்டும்.

அடுத்து பார்க்க வேண்டியது, கட்டிகளில் வைரஸ் டிஎன்ஏ செருகிய இடங்களில் காணப்படும் சி-முனை (புரதத்தின் கடைசி நுனி) அறுந்த எச்பிஎக்ஸ். சாகடிக்கும் திறன் அதில் குறைவதாகச் சொல்லப்படுவதால் புற்று பற்றிய கேள்விக்கு இதுதான் முக்கியம். டேக் சி-முனையில் இருக்கும் பிளாஸ்மிடில் நடுவே ஸ்டாப் கோடான் (புரதத்தை அங்கேயே முடிக்கும் குறி) வைத்தால் டேக்கும் சேர்ந்து தொலையும். டேக்கை என்-முனைக்கு (தொடக்க நுனிக்கு) மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.