டிவிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு கார்டு

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர், ஒல்லியான கேபினட். படுக்கப்போட்டால் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். கோடி மீடியா ப்ளேயரை நிறுவி, ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்துவைத்த படங்களைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முதல் 4கே படமே ஸ்லைடு ஷோ மாதிரி ஓடியது. வசனம் முடிந்து இரண்டு நொடி கழித்து உதடு அசைகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ப்ராசஸர் 100 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

என் படங்களில் பாதி 10 பிட் எச்இவிசி, அதாவது நிறங்களை நுணுக்கமாகப் பதிந்து வீடியோவைச் சுருக்கிவைக்கும் முறை. ஆறாம் தலைமுறை இன்டெல்லில் உள்ள கிராபிக்ஸ் 8 பிட் எச்இவிசியை மட்டும்தான் முழுக்க ஹார்டுவேரில், அதாவது ப்ராசஸருக்குச் சுமை தராமல், பிரிக்கும். 10 பிட் சரியாக வந்தது ஏழாம் தலைமுறையில். ஒரே ஒரு படி தள்ளிப் பிறந்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. போதாததற்கு மதர்போர்டில் இருப்பது டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டின் பழைய 1.4 பதிப்பு. 4கே வரும், ஆனால் நொடிக்கு 30 ஃப்ரேம்தான்.

சரி, ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டுவிடலாம் என்று கிடைத்ததிலேயே மலிவான ஒன்றை வாங்கினேன். பெட்டியில் '4கே சப்போர்ட்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. பொய் இல்லை. அதுவும் எச்டிஎம்ஐ 1.4, அதே 30. மவுஸ் அம்பு தண்ணீருக்குள் நீந்துவதுபோல நகர்ந்தது. எச்இவிசியைப் பிரிக்கும் டிகோடர் அறவே கிடையாது. மாட்டுவதற்கு முன் இருந்த நிலைமையைவிட மோசம். படித்துப் பார்க்காமல் வாங்கியது நான், யாரைக் குறை சொல்ல?

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கார்டின் வேகத்துக்கும் படம் ஓட்டும் திறமைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. வீடியோவைப் பிரிப்பதற்கென்று சிப்புக்குள் தனியாக ஒரு மூலை இருக்கிறது. அது எந்த வருடத்து மூலை என்பதுதான் கேள்வி. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 980 வந்தது 2014இல். அப்போது ராஜா மாதிரியான கார்டு, ஆனால் எச்இவிசியை முழுதாக ஹார்டுவேரில் பிரிக்கத் தெரியாது. நாலு மாதம் கழித்து 2015 ஜனவரியில் வந்த தம்பி ஜிடிஎக்ஸ் 960, 10 பிட் வரைக்கும் பிரித்துத் தள்ளியது. விளையாட்டு மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கார்டு தேடுபவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

என் கேபினட் வேறு சில நிபந்தனைகள் போட்டது. பாதி உயரக் கார்டுதான் நுழையும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸில் கூடுதல் பவர் வயர் கிடையாது, ஆகவே மதர்போர்டு ஸ்லாட் தருகிற 75 வாட்டுக்குள் பிழைக்க வேண்டும். இதையெல்லாம் வடிகட்டினால் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400க்கு 53 வாட், எச்டிஎம்ஐ 2.1 உண்டு, ஆனால் 2022இல் வந்த கார்டாக இருந்தும், யூடியூப் பயன்படுத்தும் புதிய சுருக்கு முறையான ஏவி1க்கு டிகோடர் இல்லை. அது எனக்குப் புரியவே இல்லை. இன்டெல் ஆர்க் ஏ310 ஏவி1ஐப் பிரிக்கவும் செய்யும், உருவாக்கவும் செய்யும். புதிய மதர்போர்டு இருந்தால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன், ஆனால் பத்தாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் போர்டுகள் அதன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. 2024இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050க்கு 70 வாட் போதும், ஏவி1 உண்டு, எல்லாம் உண்டு. படம் மட்டும் பார்க்கிற எனக்கு அது அதிகம்.

கடைசியில் என்விடியாவின் ஜிடி 1030. 2017 கார்டு, 30 வாட், ஃபேனே இல்லாத மாடல். எச்டிஎம்ஐ 2.0பி, 10 பிட் எச்இவிசி, வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் நுணுக்கத்தோடு காட்டும் எச்டிஆர், மூன்றும் இருக்கிறது. ஏவி1 இல்லை. யூடியூபில் ஏவி1ஐத் தவிர்த்துவிட்டேன், அதற்கு முந்தைய முறையான விபி9இல் ஓடுகிறது. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2018இலிருந்து இதே பெயரில் டிடிஆர்4 நினைவகம் போட்ட இன்னொரு கார்டும் உலவுகிறது. வேகமான ஜிடிடிஆர்5 நினைவகம் போட்ட கார்டு நொடிக்கு 48 ஜிபி நகர்த்தும் இடத்தில் இது 16.8தான். பெட்டியின் முகப்பில் வித்தியாசம் தெரியாது, பக்கவாட்டுச் சின்ன எழுத்தைத் தேட வேண்டும். செகண்ட் ஹேண்டில் எனக்கு முதலில் வந்த சலுகையே அந்த டிடிஆர்4தான்.

மாட்டுவது பத்து நிமிட வேலை என்றார்கள். கார்டைக் கேபினட்டோடு பிணைக்கும் உயரமான தகட்டைக் கழற்றிக் குட்டைத் தகட்டை மாட்ட வேண்டும். போர்ட்டின் இரண்டு பக்கமும் அறுகோணத் திருகு, விரலில் பிடிபடாது. ஒன்று சோபாவுக்கு அடியில் உருண்டு ஓடி, டார்ச் அடித்துத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்.

ஓடத் தொடங்கியதும் ப்ராசஸர் 5 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனாலும் கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசான உதறல். இது கார்டின் தவறில்லை. படம் நொடிக்கு 23.976 ஃப்ரேம், டிவி திரை புதுப்பிப்பது நொடிக்கு 60 தடவை. ஒரு ஃப்ரேமை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை காட்டி ஒப்பேற்றுகிறது. கோடியில் திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் வசதியை இயக்கியதும் உதறல் போய்விட்டது. 24 என்று முழு எண்ணாக வைத்துவிடாதீர்கள், சுமார் 42 நொடிக்கு ஒரு முறை ஒரு ஃப்ரேம் இடறும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதற்காகவே காத்திருப்பீர்கள்.

கறுப்பு சாம்பலாகத் தெரிந்ததற்கு ஒரு மாலை முழுக்கக் கார்டைத் திட்டினேன். பார்த்தால் கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவைக் கார்டு 16 முதல் 235 வரை அனுப்புகிறது, டிவியோ 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. இரண்டையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவந்ததும் இரவுக் காட்சிகள் இரவாயின.

ஏழாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வைத்திருப்பவர்கள் கார்டு வாங்கக் கிளம்புவதற்கு முன் கம்ப்யூட்டரின் பின்பக்கம் டிஸ்ப்ளே போர்ட் என்ற இன்னொரு வீடியோ இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ 2.0க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் ஒன்று போதும், 4கே 60இல் வந்துவிடும். என் முதல் கார்டு இப்போது மேசை இழுப்பறையில், அந்த உயரமான தகட்டோடு சேர்ந்து கிடக்கிறது.