ஆண் குட்டியா, பெண் குட்டியா?

நாய் வளர்ப்பது குறித்து என்னிடம் யோசனை கேட்பவர்களில் பலர் எந்த இனம் என்பதை முன்பே முடிவு செய்திருப்பார்கள். ஆணா பெண்ணா என்பதில்தான் தயங்குவார்கள். ஆண் நாய் காவலுக்கு நல்லது, பெண் நாய் பாசமானது, ஆண் நாய் ஊர் சுற்றும், பெண் நாய் வீட்டோடு கிடக்கும் என்று அதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு அவர்கள் காதில் விழுந்திருக்கும். இவற்றில் சிலவற்றுக்கு அடிப்படை உண்டு என்றாலும், அந்த அடிப்படை பெரும்பாலும் ஹார்மோன்களில்தான் இருக்கிறது. ஆகவே, அந்த ஹார்மோன்களைச் சுரக்கும் விரைகளையோ சூலகங்களையோ அகற்றும் கருத்தடை அறுவையை நாய்க்குச் செய்யப் போகிறோமா இல்லையா என்பதைத் தீர்மானிக்காமல் இந்தக் கேள்விக்கு விடை தேடுவது வீண் என்பது என் கருத்து.

கருத்தடை செய்யாத பெண் நாயின் நிலை இது. சிறிய இனங்கள் 6 மாத வயதிலேயே பருவத்துக்கு வந்துவிடக்கூடும். மிகப் பெரிய இனங்களில் அது ஒன்றரை வயதைத் தாண்டியும் தள்ளிப்போகும். அதன் பிறகு ஏறத்தாழ 6 மாதங்களுக்கு ஒருமுறை பருவம் வரும். ஒவ்வொரு முறையும் 2 முதல் 3 வாரங்கள் நீடிக்கும். தரையில் படியும் இரத்தக் கறையைத்தான் எல்லோரும் பெரிய தொல்லையாகச் சொல்கிறார்கள்; துடைத்தால் போகிற அதை நான் பொருட்படுத்த மாட்டேன். கவனிக்க வேண்டியது வேறு. தொடக்க நாட்களில் கசிவு மிகுதியாக இருக்கும்போது பெண் நாய் ஆண் நாயை அண்டவிடுவதில்லை. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கசிவு வெளிறிக் குறையத் தொடங்கும்போது, பருவம் முடிந்துவிட்டது என்று எண்ணி உரிமையாளர் பழையபடி வெளியே விடுகிறார். ஆனால் அது இணை சேர இசைவதும் கருத்தரிப்பதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். சுமார் 63 நாட்களில் குட்டிகள் பிறந்துவிடும். அந்த நாட்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் நாய்களோடு சேர்ந்திருந்தால், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குத் தந்தை வெவ்வேறாகவும் இருக்கலாம்.

இணை சேராவிட்டாலும் கதை அத்துடன் முடிவதில்லை. பருவம் முடிந்த சில வாரங்களில் சில பெண் நாய்களுக்குப் பொய்ச்சினை ஏற்பட்டு, மடி கனத்துப் பால் சுரக்கும். பொம்மைகளைக் குட்டிகளாகப் பாவித்து அவற்றைக் காத்து நிற்கும். இது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கருப்பையில் சீழ் பிடிக்கும் பயோமெட்ரா அப்படியன்று. பருவம் முடிந்து சில வாரங்களில், குறிப்பாக நடுவயதைத் தாண்டிய நாய்களுக்கு, வரக்கூடிய இந்த நோயில் நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், சோர்ந்து படுக்கும், உணவை மறுக்கும். சீழ் வெளியே வராமல் கருப்பைக்குள்ளேயே தேங்கிவிட்டால் நோயைக் கண்டுபிடிப்பதும் கடினம். உடனடியாக மருத்துவம் செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆண் நாயிடம் இப்படிப் பருவம் என்று ஒன்று கிடையாது. வயதுக்கு வந்த பிறகு அது எந்நாளும் ஆயத்தமாகவே இருக்கும். எங்கோ ஒரு பெண் நாய் பருவத்தில் இருப்பதை மோப்பம் பிடித்துவிட்டால் உணவில் நாட்டம் குறையும், ஊளையிடும், வேலி தாண்டும். கம்பத்திலும் சுவரிலும் கால் தூக்கி அடையாளம் வைக்கும் பழக்கம் சில வேளைகளில் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும். வயதான காலத்தில் புரோஸ்டேட் வீக்கம், விரைகளில் கட்டி ஆகியவை வரக்கூடும். விரை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட நாய்களுக்குக் கட்டி வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், ஆண் குட்டியை வாங்கும்போதே இதை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கருத்தடை செய்துவிட்டால் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி மறைந்துவிடும் அல்லது குறைந்துவிடும். பெண் நாய்க்கு வயிற்றைத் திறந்து செய்ய வேண்டியிருப்பதால் அது ஆண் நாய்க்குச் செய்வதைவிடப் பெரிய அறுவைச் சிகிச்சை. செலவும் பொதுவாகக் கூடுதல். எந்த வயதில் செய்வது என்பதில் அவசரம் கூடாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் கோல்டன் ரெட்ரீவர் நாய்களைப் பற்றி 2013-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வயதுக்கு முன்பே கருத்தடை செய்யப்பட்டவற்றுக்கு மூட்டுக் கோளாறுகள் கூடுதலாக வந்ததைக் காட்டியது. மறுபுறம், முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் மடியில் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இனத்தையும் உடல் அளவையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. அச்சத்தால் கடிக்கும் நாயைக் கருத்தடை சாந்தமாக்கிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

குணத்தைப் பொறுத்தவரை, ஆண் பெண் என்ற வேறுபாட்டுக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பதில்லை. 2022-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, தனித்தனி நாய்களின் நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிகிறது என்றது. இனத்துக்கே இவ்வளவுதான் இடம் என்றால், பெண் என்பதாலேயே பாசமாக இருக்கும் என்று நம்பி ஒரு குட்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு என்ன பொருள் இருக்கிறது? குட்டிப் பருவத்தில் மனிதரோடும் பிற நாய்களோடும் பழகிய விதமும், தாயின் சுபாவமும், நீங்கள் தரும் பயிற்சியும் அதைவிட அதிகம் சொல்லும்.

உடல் அளவு பெரிய இனங்களில் பொருட்படுத்தத் தக்கது. லாப்ரடார் ஆண் நாயின் எடை 29 முதல் 36 கிலோ வரையும், பெண் நாயின் எடை 25 முதல் 32 கிலோ வரையும் இருக்கும். வாரைப் பிடித்து நடத்திச் செல்பவர் முதியவர் என்றால் அந்த நான்கு கிலோ கையில் தெரியும். சிறிய இனங்களில் இதைப் பார்க்கத் தேவையில்லை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால் மட்டும் என் பதில் உறுதியாக இருக்கும்: எதிர்ப்பாலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டுக்கும் கருத்தடை செய்துவிடுங்கள். ஒரே வீட்டு நாய்களுக்குள் மூளும் கடுமையான சண்டைகள் பெரும்பாலும் ஒரே பாலினத்துக்குள்தான் நடக்கின்றன. அவற்றிலும் இரண்டு பெண் நாய்களுக்கு இடையே மூண்ட பகையைத் தீர்ப்பதுதான் மிகக் கடினம் என்பதை, பெண் நாய் சாது என்ற நம்பிக்கையோடு இரண்டாவது பெண் குட்டியைத் தேடுபவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.